மூன்று பேர் சேர்ந்து கோஸ்ட் ரைட்டிங்: கட்டணம், பங்கு, ஒப்பந்தம் எப்படி?

எழுதுகோல்_மதுரை

வணக்கம். நண்பர்கள் மூன்று பேர் சேர்ந்து தமிழில் கோஸ்ட் ரைட்டிங் தொடங்குகிறோம். ஒருவர் பத்திரிகையில் துணை ஆசிரியராக இருந்தவர். இன்னொருவர் கணினித் தட்டச்சில் வேகமானவர். நான் மெய்ப்புத் திருத்துபவன். தொழிலதிபர்கள், ஓய்வு பெற்ற அதிகாரிகள், டாக்டர்கள் ஆகியோரின் தன்வரலாற்றை அவர்கள் சொல்லச் சொல்லக் கேட்டு, அவர்கள் பெயரிலேயே எழுதிக் கொடுப்பதாகத் திட்டம்.

முதல் வாய்ப்பு வாய்ப்பேச்சாக வந்திருக்கிறது. ஒரு மில் உரிமையாளர். சதாபிஷேகத்தன்று வெளியிட வேண்டுமாம், அதற்கு எட்டு மாதம் இருக்கிறது. டெமி அளவில் (வழக்கமான நடுத்தரப் புத்தக அளவு) 160 பக்கம். "பக்கத்துக்கு எவ்வளவு கேட்கிறீர்கள்?" என்கிறார். வருவதைச் சமமாக மூன்றாகப் பிரித்துக்கொள்ளலாம் என்று எங்களுக்குள் பேசியிருக்கிறோம். ஒப்பந்தம் எழுத வேண்டுமா, தெரிந்தவர்தானே என்றும் ஒரு யோசனை. அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

---

பத்தாம்ஃபாரம்

பக்கக் கணக்கில் விலை சொல்லாதீர்கள். எழுத்தின் அளவை 12 புள்ளியிலிருந்து 11 ஆக்கினால் 160 பக்கம் 145 ஆகிவிடும். புகைப்படம் சேர்த்தால் 180 ஆகும். உங்கள் உழைப்பு ஒன்றுதான், ஆனால் விலை பக்கம் வடிவமைக்கும் லேஅவுட்காரர் கையில் போய்விடும். சொல் எண்ணிக்கைக்கு உச்சவரம்பு வைத்து, மொத்தத் தொகையாகச் சொல்லுங்கள்.

டெமி பக்கத்துக்குச் சுமார் 200 சொல். 160 பக்கம் என்றால் 10 ஃபாரம் (16 பக்கம் ஒரு ஃபாரம்), 32,000 சொல். படம், முன்னுரை, வெற்றுப் பக்கம் போக 30,000 எழுத வேண்டியிருக்கும். இதற்கு ஆகும் நேரத்தைத் தோராயமாகப் போட்டுப் பாருங்கள். நேர்காணல் பதிவு 15 மணி. ஒரு மணிப் பதிவைக் கேட்டு எழுத நாலரை மணி பிடிக்கும், ஆக 67. வரைவு, மணிக்கு 300 சொல் வீதம் 100. இரண்டு சுற்றுத் திருத்தம் 40. மெய்ப்பு 25. பயணம், போன், குடும்பத்தாரைச் சமாளிப்பது 15. மொத்தம் 262 மணி. மணிக்கு 400 ரூபாய் என்று வைத்தால் 1,04,800 ரூபாய். 400 என்பது கணக்குக்காகச் சொன்னது, உங்கள் விகிதத்தைப் போட்டுக்கொள்ளுங்கள். ஆனால் மணிநேரத்தைக் குறைத்துப் போடாதீர்கள். புதிதாக வருபவர்கள் வரைவுக்கான 100 மணியை மட்டும் பார்த்து 40,000 என்று சொல்லிவிட்டு, ஐந்தாவது அத்தியாயத்தில் போனை எடுப்பதை நிறுத்திவிடுகிறார்கள்.

பணம் வாங்க வேண்டியது 30, 30, 30, 10 சதவீதமாக. முதல் 30 பதிவு தொடங்கும் முன். இரண்டாவது, முதல் மூன்று அத்தியாயம் கொடுத்ததும். மூன்றாவது, முழு வரைவு கொடுத்ததும். "ஒப்புதல் தந்ததும்" என்று எழுதவே எழுதாதீர்கள். ஒப்புதல் அவர் கையில், கொடுப்பது உங்கள் கையில். கொடுத்து 15 நாளில் எழுத்துவழி பதில் வராவிட்டால் ஒப்புக்கொண்டதாகக் கொள்ளப்படும் என்று ஒரு வரி சேர்க்க வேண்டும். கடைசி 10 சதவீதம் வரும்வரை வாட்டர்மார்க் போட்ட பி.டி.எஃப். மட்டும். வேர்டு ஃபைல் அதற்குப் பிறகுதான்.

திருத்தம் என்றால் என்ன என்பதையும் எழுதிவிடுங்கள். சொன்னதை மாற்றி எழுதுவது திருத்தம். சொல்லாத புதுச் சம்பவத்தைச் சேர்ப்பது கூடுதல் வேலை. புத்தகம் முடிகிற நேரத்தில் மருமகனோ மகளோ படித்துவிட்டு "எங்கள் பக்கத்தைப் பற்றி ஒன்றுமே இல்லையே" என்பார்கள். இது அநேகமாக எல்லாக் குடும்பப் புத்தகத்திலும் நடக்கும். யார் சொன்னால் மாற்றுவது என்று ஒரே ஒருவர் பெயரை முதலிலேயே வாங்கிவிடுங்கள்.

எட்டு மாதம் போதும், ஆனால் பின்னாலிருந்து எண்ண வேண்டும். அச்சும் பைண்டிங்கும் மூன்று வாரம், லேஅவுட் இரண்டு வாரம், குடும்ப வாசிப்பு மூன்று வாரம். அதாவது விழாவுக்கு இரண்டு மாதம் முன்னால் முழு வரைவு முடிந்திருக்க வேண்டும். விழா ஜனவரியில் வந்தால் இன்னும் ஒரு மாதம் முன்னே தள்ளுங்கள். சென்னைப் புத்தகக் காட்சிக்காக டிசம்பரில் எந்த அச்சகத்திலும் இடம் கிடைக்காது.

---

ஷரத்து

தெரிந்தவர் என்பதால்தான் ஒப்பந்தம் வேண்டும். தெரியாதவரிடம் நாமே உஷாராக இருப்போம்.

1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவுப்படி, சம்பளத்துக்கு வேலை பார்ப்பவர் எழுதினால் வேறு ஒப்பந்தம் இல்லாதவரை உரிமை முதலாளிக்கு. ஃப்ரீலான்ஸராக எழுதினால் முதல் உரிமையாளர் எழுதியவரே. காசு வாங்கிவிட்டால் உரிமை தானாகக் கைமாறிவிடும் என்று இருதரப்பும் நினைத்துக்கொண்டிருப்பார்கள். மாறாது. 19ஆம் பிரிவுப்படி எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால்தான் மாறும். அதிலும் காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டு, இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும் என்றுதான் கொள்ளப்படும். வாங்கிய உரிமையை ஓராண்டுக்குள் பயன்படுத்தாவிட்டால் காலாவதி என்றும் இருக்கிறது, ஒப்பந்தத்தில் வேறு மாதிரி சொல்லியிருந்தால் ஒழிய. ஆகவே "உரிமைக்காலம் முழுவதும், உலகம் முழுவதும், ஓராண்டுக் காலாவதி பொருந்தாது, முழுத் தொகையும் கைக்கு வந்த நாளிலிருந்து" என்று நான்கும் இருக்கட்டும். கடைசிச் சொற்றொடர் உங்களுக்கான பாதுகாப்பு.

இப்போது உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். மூன்று பேர் கைபடும் எழுத்து இது. ஒருவர் மட்டும் வாடிக்கையாளருக்கு உரிமையை எழுதிக் கொடுத்தால், மற்ற இருவரும் எழுதிச் சேர்த்த பகுதி யாருடையது? நண்பர்கள் இருவரும் முன்னின்று ஒப்பந்தம் போடுபவருக்கு எழுதிக் கொடுக்க வேண்டும், அவர் வாடிக்கையாளருக்குக் கொடுக்க வேண்டும். இரகசியக் காப்பும் அப்படியே. பதிவைக் கேட்டுத் தட்டச்சு செய்பவருக்குத்தான் குடும்ப இரகசியம் முழுதும் தெரியும், அவர் கையெழுத்து இல்லாத இரகசிய ஒப்பந்தத்தால் பயனில்லை.

57ஆம் பிரிவின்படி "இதை எழுதியவன் நான்" என்று உரிமை கோருவது, உரிமையைக் கைமாற்றிய பிறகும் எழுதியவரிடமே நிற்கும். அதனால் பெயர் கோரமாட்டேன் என்ற உறுதிமொழியை வாடிக்கையாளர் கேட்பார். கொடுங்கள். பதிலுக்கு, பெயரைச் சொல்லாமல் இரண்டு பக்கத்தை மட்டும் அடுத்த வாடிக்கையாளரிடம் நேரில் காட்ட அனுமதி கேளுங்கள். இது இல்லாவிட்டால் பத்துப் புத்தகம் எழுதிய பிறகும் காட்ட ஒன்றும் இருக்காது.

---

நகல்எழுத்து

பத்தாம்ஃபாரம் சாரின் கணக்கையே எடுத்துக்கொள்கிறேன். அதில் உங்கள் சமபங்கு நிற்காது. நேர்காணல், வரைவு, திருத்தம் 155 மணி: 59 சதவீதம். கேட்டு எழுதுவது 67 மணி: கிட்டத்தட்ட 26. மெய்ப்பு 25 மணி: 9 முதல் 10. மீதி 6 ஒருங்கிணைப்பு. மூன்றில் ஒரு பங்கு என்றால் எழுதுபவர் இரண்டாவது புத்தகத்தோடு போய்விடுவார். மெய்ப்புக்கு மூன்றில் ஒரு பங்கு என்பது உங்களுக்கே உறுத்தும். மன்னிக்கணும், கணக்கு அப்படித்தான் வருது. வாடிக்கையாளரைக் கொண்டுவந்தவருக்கு மேலிருந்து 5 சதவீதம் தனியாக எடுத்து வைத்துவிட்டு, மிச்சத்தை மணிக்கணக்கில் பிரியுங்கள். பொதுவில் ஒரு கூகுள் ஷீட், அன்றன்று மணியைப் பதிவது. மாதக் கடைசியில் நினைவிலிருந்து நிரப்பினால் சண்டைதான்.

டிரான்ஸ்கிரிப்ஷனை மென்பொருளிடம் விடலாமே என்று யாராவது சொல்வார்கள். செய்தி வாசிப்பது போன்ற தமிழுக்கு ஓரளவு வரும். எண்பது வயதுக்காரர் வட்டார வழக்கில், ஆங்கிலம் கலந்து, மின்விசிறிக்கு அடியில் பேசினால் ஊர்ப்பெயரும் ஆள்பெயரும்தான் முதலில் சிதையும், தன்வரலாற்றில் அவைதான் முக்கியம். அவருடைய குரலைக் கிளவுடில் ஏற்ற அனுமதி இருக்கிறதா என்பது வேறு கேள்வி.

பதிவுக்கு இரண்டு கருவி. காலர் மைக் ஒன்று, மேசையில் போன் ஒன்று ஏரோபிளேன் மோடில். அழைப்பு வந்தால் பதிவு நின்றுபோகும், அதைக் கவனிக்காமல் முக்கால் மணி பேசிவிடுவார். அன்றிரவே இரண்டு இடத்தில் நகல். கேட்டு எழுதும்போது இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை நேரக்குறி, சந்தேகமான பெயருக்குப் பக்கத்தில் கேள்விக்குறி. பேச்சை "நல்ல தமிழாக" மாற்றாதீர்கள். அவர் "என்னத்தச் சொல்ல" என்று ஆரம்பிப்பவர் என்றால் அது எழுதுபவருக்குத் தெரிய வேண்டும், குரல் அதில்தான் இருக்கிறது.

ஆண்டுகளை அப்படியே நம்பக் கூடாது. நேராக "எந்த வருஷம்?" என்றால் தோன்றியதைச் சொல்வார்கள். "எம்.ஜி.ஆர். முதலமைச்சர் ஆவதற்கு முன்னாலா, பின்னாலா?" என்று கேளுங்கள், 1977 கிடைத்துவிடும். தனுஷ்கோடிப் புயல் 1964 டிசம்பர். இந்திரா காந்தி கொலை 1984 அக்டோபர். பி.யு.சி. (பிளஸ் டூவுக்கு முன்பிருந்த கல்லூரிப் புகுமுக வகுப்பு) படித்ததாகச் சொல்பவர் 1982 என்றால் எங்கோ தப்பு, தமிழ்நாட்டில் பிளஸ் டூ 1978லேயே வந்துவிட்டது. "நாலணாக் கூலி" என்பதை வைத்து மட்டும் காலம் கணிக்காதீர்கள். நயா பைசா 1957இல் வந்த பிறகும் 25 காசை நாலணா என்றே சொன்னார்கள்.

---

வடமராட்சி

உங்கட கேள்விக்கு நேரான பதில் இல்லை, ஆனால் பழகுறதுக்கு நல்ல வேலை ஒன்று சொல்லுறன். எங்கட யாழ்ப்பாணப் பக்கம் ஒருவர் காலமானால் 31ஆம் நாள் நினைவு மலர் ஒன்று வெளியிடுறது வழக்கம், கல்வெட்டு என்றும் சொல்லுவம். வாழ்க்கைக் குறிப்பு, வம்சாவளி, பிள்ளைகளின்ர பெயரில உரைகள், தேவார திருவாசகம், கடைசியில நன்றி நவிலல். ரொறன்ரோவிலும் லண்டனிலும் இருக்கிற பிள்ளைகளுக்குத் தமிழில எழுத நேரமும் இல்லை, பலருக்குக் கையும் வராது. அந்த உரைகளை அவையிட்ட கேட்டு எழுதிக் குடுக்க ஆள் தேவைப்படுது.

24 தொடக்கம் 40 பக்கம். ஓடர் வரேக்க பத்து நாள் போயிருக்கும், அச்சுக்கு ஒரு கிழமை விட்டால் உங்களுக்கு மிஞ்சுறது ரெண்டு கிழமை. காசு முழுக்க முற்பணம், 31 கழிஞ்சாப் பிறகு கேக்கிறது அழகும் இல்லை, வரவும் மாட்டுது.

பிழை வாறது நடையில இல்லை, பெயர்களில. மருமக்களின்ர ஒழுங்கு, வெளிநாட்டில பிறந்த பேரப்பிள்ளையின்ர பெயரைத் தமிழில எப்பிடி எழுதுறது, முன்னமே காலமான சகோதரத்துக்கு "அமரர்" போடாம விட்டது. ஒரு பெயர் விடுபட்டால் ஒரு குடும்பம் கோவிக்கும். வம்சாவளியை மட்டும் தனித் தாளில எடுத்து, குடும்பத்தில மூத்த ஒருத்தரிட்ட "சரி" என்று எழுத்தில வாங்குங்கோ. வட்ஸ்அப்பில குரல் அனுப்பினால் போதாது.

---

எழுதுகோல்_மதுரை

அனைவருக்கும் நன்றி. சமபங்கை விட்டுவிட்டோம், ஷீட் திறந்தாயிற்று. இன்னும் இரண்டு கேள்வி. பாகப்பிரிவினையில் தம்பி ஏமாற்றிவிட்டார் என்று ஒரு அத்தியாயம் வேண்டும் என்கிறார் மில்காரர், தம்பி உயிரோடு இருக்கிறார். அப்புறம், பணத்தை யார் பெயரில் வாங்குவது?

---

ஷரத்து

தம்பி விஷயம்: அவதூறு என்று வந்தால் அட்டையில் பெயர் இருப்பவரோடு நிற்காது, எழுதியவரையும் அச்சிட்டவரையும் சேர்த்து இழுக்கலாம். குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 356ஆம் பிரிவு, சிவில் வழக்கு தனி. "ஏமாற்றினார்" என்ற சொல் வேண்டாம். "1986இல் மில் என் பங்குக்கு வந்தது, நிலம் தம்பிக்குப் போனது, அது எனக்கு வலித்தது" என்பது போல நடந்ததையும் தன் வலியையும் சொல்லலாம். ஆண்டும் சொத்தும் பத்திரத்தோடு ஒத்துப்போக வேண்டும், நகலை வாங்கி வையுங்கள். வழக்கு நிலுவையில் இருந்தால் மில்காரருடைய வக்கீல் படிக்காமல் அந்த அத்தியாயம் அச்சுக்குப் போகக் கூடாது. உண்மைத்தன்மைக்கு அவரே பொறுப்பு, உங்களுக்கு வரும் செலவை அவர் ஏற்பார் என்ற ஷரத்தும் அவசியம். அது வழக்கைத் தடுக்காது, செலவை மட்டும் தாங்கும்.

பணம்: கூட்டாளி நிறுவனம் இப்போதே வேண்டாம். ஒருவர் பெயரில் ரசீது போட்டு வாங்குங்கள். ஆனால் முழுத் தொகையும் அவருடைய பான் எண்ணில் வருமானமாக நிற்கும். மற்ற இருவரும் அவருக்குப் பில் கொடுக்க வேண்டும், அவர் வங்கி வழியாகவே அனுப்ப வேண்டும். கையில் கொடுத்தால் உங்கள் பங்குக்கும் சேர்த்து அவர் வரி கட்டுவார். மில் கம்பெனியின் கணக்கிலிருந்து வந்தால், ஆண்டுக்கு 50,000 ரூபாய் தாண்டும்போது 10 சதவீதம் டி.டி.எஸ். (பணம் தரும்போதே கழிக்கும் வருமான வரி) பிடிக்கலாம், விலை பேசும்போதே சொல்லிவிடுங்கள். சேவைகளுக்கு ஜி.எஸ்.டி. பதிவு ஆண்டுக்கு 20 லட்சம் தாண்டினால்தான். வருமானத்தில் பாதியை லாபமாகக் காட்டும் வரித் திட்டத்தில் சினிமாக் கதை, வசன ஆசிரியர்கள் இருக்கிறார்கள், புத்தகம் எழுதுவது அந்தப் பட்டியலில் நேராக இல்லை. ஆடிட்டரைக் கேட்காமல் அதில் போட வேண்டாம்.

---

பத்தாம்ஃபாரம்

ஒன்று விட்டுப்போனது. கோஸ்ட் ரைட்டிங் என்று பலகை போட்டதும் முதலில் வரும் போன் பிஎச்.டி. ஆய்வேடு எழுதித் தரச் சொல்லித்தான் இருக்கும், காசும் கூடவே சொல்வார்கள். 2018 யு.ஜி.சி. (பல்கலைக்கழக மானியக் குழு) விதிமுறைகளின்படி அடுத்தவர் எழுத்தைத் தன் ஆய்வாகக் காட்டினால் மாணவரின் பதிவே போகலாம். நீங்கள் மூவரும் இதில் ஒரே முடிவில் இருங்கள், ஒருவர் மட்டும் தனியாக ஒப்புக்கொண்டாலும் மூவர் பெயரும்தான் கெடும். மெய்ப்பு மட்டும் பார்க்கக் கேட்டால் பார்க்கலாம், ஃபாரத்துக்கு இவ்வளவு என்று.

அப்புறம் லேஅவுட்காரர் யூனிகோடில் செய்கிறாரா, பழைய எழுத்துருவிலா என்று இப்போதே கேளுங்கள். பழைய எழுத்துரு என்றால் மாற்றும்போது கொம்பும் காலும் இடம் மாறும், "ஸ்ரீ"யும் "க்ஷ"வும் உடையும். அதற்குத் தனியாக இன்னொரு மெய்ப்புச் சுற்று, எட்டு மணி, உங்கள் ஷீட்டில் ஏற்றிக்கொள்ளுங்கள்.