கரண்ட் திரும்பக் கொடுத்த ராத்திரி

நகராட்சி மின்விநியோகத்தில் கட்டுப்பாட்டு அறைக்கு வந்த புதிது. கடும் வெயில் காலம், இரவு ஒன்பதரை மணி. லோடு, அதாவது ஊரின் மின்தேவை, இறங்குவதாகவே இல்லை. உடனே குறைக்கச் சொல்லி உத்தரவு வந்ததும் ஒரு 11 கேவி ஃபீடரை, அதாவது ஒரு பகுதிக்கு மின்சாரம் கொண்டுபோகும் 11,000 வோல்ட் லைனை, நிறுத்தினேன். அப்போது அதில் 180 ஆம்பியர் ஓடிக்கொண்டிருந்தது.

ஒரு மணி நேரம் கழித்து அந்த ஃபீடரின் பெரிய ஸ்விட்சான பிரேக்கரைப் போட்டேன். மீட்டர் முள் 180 பக்கம் வந்து நிற்கும் என்று பார்த்தால் 300-ஐத் தாண்டி ஓடியது. சில நொடிகளில் டிரிப், பிரேக்கர் தானாகவே விழுந்துவிட்டது. லைனில் ஏதோ கோளாறு என்று பதறிவிட்டேன். பக்கத்தில் இருந்த மூத்த ஆபரேட்டர்தான், "இருப்பா, லைன் நல்லாத்தான் இருக்கு. மொத்தமா எடுக்காதே, பிரிச்சு எடு" என்றார்.

அவர் சொன்ன விளக்கம் இன்றும் உதவுகிறது. சாதாரண நேரத்தில் வீடுகளில் ஏசி, ஃபிரிட்ஜ் கம்ப்ரசர்கள் மாறி மாறித்தான் ஓடும். ஒன்று ஓடும்போது இன்னொன்று ஓய்ந்திருக்கும். ஒரு மணி நேரம் கரண்ட் இல்லாவிட்டால் எல்லா அறைகளும் சூடேறிவிடும். கரண்ட் வந்ததும் அத்தனையும் ஒன்றாகக் கிளம்பி, ஓய்வே இல்லாமல் ஓடும். இதைத்தான் கோல்டு லோடு பிக்கப் என்கிறார்கள்.

லைன்மேன்கள் போய், லைனில் ஆங்காங்கே இருக்கும் ஏபி ஸ்விட்சுகளைத் திறந்து லைனைத் துண்டு துண்டாகப் பிரித்துவிட, பகுதி பகுதியாகக் கொடுத்தோம். கடைசிப் பகுதிக்குப் போய்ச் சேர நள்ளிரவாகிவிட்டது. அங்கிருந்து ஒரு அம்மா மூன்று முறை போன் செய்தார். வீட்டில் ஆக்சிஜன் மெஷினை நம்பி ஒருவர் படுத்திருக்கிறார். மூன்றாவது முறை அந்த அம்மா பேசவில்லை, அழுதார். அந்தக் குரலை என்னால் மறக்க முடியவில்லை. மறுநாளே அப்படிப்பட்ட வீடுகளை ஃபீடர் வாரியாகக் குறித்து வைக்க ஆரம்பித்தேன். இப்போது அந்தப் பட்டியலைப் பார்க்காமல் எந்த ஃபீடரிலும் கை வைப்பதில்லை.

---

மேலே உள்ள அனுபவத்தைப் படித்த இன்னொருவர் எழுதுகிறேன். நான் குடிநீர் பம்பிங் பக்கம் இருக்கிறேன். எங்கள் ஊழியர்களும் இதைப் படிக்க வேண்டும். மொத்தமாக மின்சாரம் வாங்கும் இடத்தில் யூனிட்டுக்கு மட்டும் பணம் இல்லை. மாதத்தில் எந்த அரை மணி நேரத்தில் லோடு உச்சத்துக்குப் போனதோ, அதற்கும் தனிக் கட்டணம் உண்டு. நாங்களோ பல வருடமாக, ஊரின் லோடு ஏறி நிற்கும் மாலை ஏழு மணிக்குத்தான் எல்லா மோட்டாரையும் ஓட்டிக்கொண்டிருந்தோம், தொட்டி பாதிக்கு மேல் நிறைந்திருந்தாலும்! பழக்கம், வேறு காரணமே இல்லை. நள்ளிரவுக்கு மாற்றினோம். தண்ணீர் வரவில்லை என்று ஒரு புகார்கூட வரவில்லை. இப்போது மாலையில் ஒரே மோட்டார்தான், அதுவும் தொட்டி மட்டம் இறங்கினால் மட்டும்.