கார்புரேட்டரில் ஜெட் இறுகிவிட்டது: சூடு காட்டுவதா, ஊறவைப்பதா?

ஏர்முனை
ஃபோர்டு 8என் டிராக்டர், 1940-களின் கடைசியில் வந்த வண்டி. ரொம்ப வருஷம் வெட்டவெளியில் நின்றது. பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்புரேட்டரைக் கழற்றிப் பிரித்துவிட்டேன். பெட்ரோல் தேங்கும் பவுலுக்குள் பழைய பெட்ரோல் பிசினாகக் காய்ந்து கிடக்கிறது. த்ரோட்டில் ஷாஃப்ட் (காற்றுவழித் தகட்டைத் திருப்பும் தண்டு) துருப்பிடித்து அசைய மறுக்கிறது, பித்தளை ஜெட்டும் (பெட்ரோல் அளவாகப் போகச் சிறு துளையிட்ட திருகு) திரும்பவில்லை. ஜெட்டின் காடி ஏற்கெனவே கொஞ்சம் மழுங்கியிருக்கிறது. டார்ச் வை என்கிறார்கள் சிலர், வைக்கவே கூடாது என்கிறார்கள் சிலர். எதைச் செய்ய?

நீலச்சுடர்
சூடுதான். எண்ணெயில் வாரக்கணக்கில் போட்டாலும் ஜெட் மரைக்குள்ள இறங்காது. அந்த இடம் பிசினால மூடிக்கிடக்கு, எண்ணெய் எப்படிப் போகும்? சின்ன டார்ச்சை எடுத்து ஜெட்டைச் சுத்தியுள்ள வார்ப்பை மெதுவா சுத்திச் சுத்திக் காய்ச்சுங்க. ஒரே இடத்துல நிறுத்தாதீங்க.

கிண்ணம்நிறைய
நீலச்சுடர், அடிப்படையே இடிக்கிறது. ஒரு டிகிரிக்கு வார்ப்பிரும்பு மீட்டருக்குச் சுமார் 11 மைக்ரான் விரியும், பித்தளை 19 மைக்ரான். இரும்புத் துளைக்குள் பித்தளை ஜெட். இரண்டையும் சேர்த்துக் காய்ச்சினால் ஜெட்தான் அதிகம் பருக்கும், பிடி இன்னும் இறுகும். அந்த நேரம் பார்த்துத் திருப்பினால் மிச்சமிருக்கும் காடியும் போய்விடும். அசிட்டோனும் ஆட்டோமேட்டிக் கியர் ஆயிலும் பாதிக்குப் பாதி கலந்து ஊற்றி வையுங்கள். இரண்டும் தானாகப் பிரிந்துவிடும், அவ்வப்போது கலக்கிவிட வேண்டும். பொறுமை இருந்தால் காரியம் நடக்கும்.

நீலச்சுடர்
கணக்கு சரி, முடிவு தப்பு. சூட்டோட திருப்பச் சொல்லி யார் சொன்னா? பித்தளை விரியும்போது இரும்பு அதை விடாது. மெத்துனு இருக்கிற பித்தளைதான் நசுங்கும். ஆறும்போது நசுங்கின ஜெட் சுருங்கும், மரையில பிடிச்சிருந்த துருவும் பிசினும் உடையும். 8 மில்லிமீட்டர் ஜெட்டுக்கு 150 டிகிரி ஏத்தினா வித்தியாசம் கிட்டத்தட்ட 10 மைக்ரான். எண்ணெய் ஊர அது போதும். கொஞ்சம் ஆறினதும், மெழுகு உருகற சூடு இருக்கும்போதே ஜெட்டோட விளிம்புல மெழுகுவத்தியைத் தொட்டு வைங்க, மெழுகு உருகி உள்ளே இழுத்துக்கும். முழுசா ஆறவிட்டுத் திருப்புங்க.

கிண்ணம்நிறைய
எல்லா உடலும் வார்ப்பிரும்பு இல்லையே? பழைய வண்டியில் யாரோ நடுவில் வேறு கார்புரேட்டர் மாட்டியிருக்கலாம். அது துத்தநாகக் கலவையாக இருந்தால் 385 டிகிரி பக்கத்திலேயே உருகிவிடும். சிவக்காது, எச்சரிக்காது, ஒரு மூலை பொசுக்கென்று சரியும். பவுலில் மிதக்கும் பித்தளை ஃப்ளோட்டின் ஈயப் பற்று அதற்கும் முன்னால், 183 டிகிரியிலேயே இளகத் தொடங்கும். இதையெல்லாம் சொல்லாமல் "டார்ச் வை" என்பது எனக்கு ஒப்பவில்லை.

லேத்மேசை
காந்தத்தை வைத்துப் பாருங்கள், அந்தச் சந்தேகம் அரை நிமிடத்தில் தீரும். ஒட்டினால் இரும்பு. ஒட்டாவிட்டால் கணக்கே தலைகீழ்: துத்தநாகம் மீட்டருக்கு 27 மைக்ரான் விரியும், பித்தளையைவிட அதிகம், அதனால் சூட்டில் ஜெட் தளரும். அதற்கு நெருப்பு வேண்டாம், கொதிநீர் போதும். சூடாக இருக்கும்போதே திருப்பலாம்.

இருவரும் தொடாத விஷயம் ஸ்க்ரூ டிரைவர். கடையில் வரும் சாதாரண முனை ஆப்பு வடிவில் சரிந்து இருக்கும். அழுத்தித் திருப்பும்போது அந்தச் சரிவு காடியை விட்டு மேலே ஏறும். நான் பார்த்த கெட்டுப்போன ஜெட்டுகளில் பெரும்பாலானவை இப்படித்தான் போயிருக்கின்றன. முனையை இரு பக்கமும் இணையாகத் தேய்த்து, காடியின் அகலத்துக்கும் ஆழத்துக்கும் சரியாகப் பொருந்தும்படி செய்யுங்கள். உடலை மரத்துண்டு வைத்து வைஸில் பிடியுங்கள். ஸ்க்ரூ டிரைவர் தலையில் சுத்தியலால் சில தட்டு, பிறகு முதலில் இறுக்கும் பக்கம் ஒரு மயிரிழை, அப்புறம்தான் கழற்றும் பக்கம்.

ஏர்முனை
காந்தம் நன்றாக ஒட்டுகிறது. அப்படியானால் ஊறவைத்துவிட்டு டார்ச் வைக்கலாமா?

கிண்ணம்நிறைய
கூடாது! அசிட்டோன் ஆவி தீப்பிடித்தால் முகத்தில் அடிக்கும். பெட்ரோல் நனைந்த பவுலும் அப்படியே. நெருப்புதான் உங்கள் முடிவென்றால் முதலில் சூடு, அப்புறம் ஊறல். சோப்புத் தண்ணீரில் கழுவி, நன்றாகக் காயவைத்து, ஃப்ளோட், ஊசி, கேஸ்கெட் எல்லாம் எடுத்துவிட்டுத் திறந்தவெளியில் செய்யுங்கள். குளோரின் கலந்த பிரேக் கிளீனர் தெளித்த பாகத்தில் நெருப்பே காட்டாதீர்கள், பாஸ்ஜீன் என்ற விஷவாயு வரும்.

நீலச்சுடர்
இதுல எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. ஷாஃப்டைப் பத்தியும் சொல்லிடறேன். எஃகும் வார்ப்பிரும்பும் ஏறக்குறைய ஒரே அளவு விரியும். மொத்தமா காய்ச்சினா பலன் இல்லை. ஷாஃப்ட் நுழையற குமிழை மட்டும் வெளிப்பக்கமா காய்ச்சுங்க. உள்ளே ஷாஃப்ட் சூடாகறதுக்குள்ள துளை விரியும், அந்த நொடியில அசைக்கணும். லீவரைப் பிடிச்சு முறுக்காதீங்க, ஷாஃப்டையே பிடிங்க.

பழுதுவேண்டாம்
இவ்வளவு பாடு எதற்கு? புதுசாக ஒன்று வாங்கி மாட்டிவிட்டால் வேலை முடிந்தது.

லேத்மேசை
மாட்டலாம். ஆனால் ஜெட் அளவு வண்டிக்குப் பொருந்தாமல் திணறும் நகல்களை நிறைய பார்த்திருக்கிறேன். பழைய வார்ப்பிரும்பு உடல் விரிசலில்லாமல் இருந்தால் அதைக் காப்பாற்றுவதே மரியாதை. ஜெட் துளையில் மட்டும் கம்பி விடாதீர்கள். துளை ஒரு துளி பெரிதானாலும் பெட்ரோல் கலவை மாறிவிடும்.

ஏர்முனை
நீலச்சுடர் சொன்னபடி குமிழைக் காய்ச்சினேன், ஷாஃப்ட் கால் சுற்று திரும்புகிறது. ஜெட்டுக்கு மெழுகு வைத்து ஆறவிட்டிருக்கிறேன், முனை தேய்த்த பிறகுதான் தொடுவேன். ஷாஃப்டில் மாட்டிய பட்டர்ஃப்ளை தகட்டின் (காற்றுவழியை மூடித் திறப்பது) இரண்டு ஸ்க்ரூவையும் இப்போதே கழற்றலாமா?

லேத்மேசை
அவசரப்படாதீர்கள். கழன்று எஞ்சினுக்குள் போகாதிருக்க அந்த ஸ்க்ரூக்களின் பின்முனையைத் தட்டி விரித்திருப்பார்கள். அந்த விரிப்பை அரத்தால் தேய்த்து எடுத்துவிட்டுத் திருப்புங்கள், இல்லாவிட்டால் ஷாஃப்டுக்குள்ளேயே முறியும். தகட்டின் விளிம்பு சாய்வாக இருக்கும், எந்தப் பக்கம் மேலே என்று கழற்றும் முன்பே கீறி அடையாளம் வையுங்கள்.

கிண்ணம்நிறைய
ஷாஃப்ட் வெளியே வந்ததும் துளையில் ஆட்டம் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அந்த வழியாகக் காற்று உள்ளே போகும், ஐட்லிங் நிலையாக இருக்காது. துளைக்குள் புஷ் (உள்வளையம்) போட வேண்டியிருக்கும். ஜெட் விஷயத்தில் மட்டும் நான் இன்னமும் ஊறவைக்கும் கட்சிதான்.