மலையகத்திலிருந்து ஒன்ராறியோ வந்த பட்டதாரிகளுக்கு: பட்டத்தைக் கைவிடாதீர்கள்

தலவாக்கலைத் தம்பி ஒருவர் கேட்டிருந்தார்: "பேராதனையில் கலைப்பட்டம் முடித்தேன். ரொறன்ரோவில் கிடங்கில் பெட்டி தூக்குகிறேன். ஊரில் தம்பி ஏ.எல். எழுதியிருக்கிறான். அவனையாவது கம்பஸ் போகாமல் நேரே இங்கு வரச் சொல்லட்டுமா?"

வேண்டாம் தம்பி, அவனைப் படிக்க விடுங்கள். நுவரெலியா, பதுளை மாவட்டங்களிலிருந்து பல்கலைக்கழகத்துக்குத் தெரிவாவது இன்றும் எளிதல்ல. அங்கே கட்டணமின்றிக் கிடைக்கும் படிப்புக்கு வெளிநாட்டு மாணவனாக இங்கே வந்தால் குடும்பமே கடனாளியாகும். தேயிலைத் தோட்டத்தில் 1000 ரூபாய் நாட்சம்பளமே 2021இல்தான் வந்தது. அதற்கும் குறைந்த கூலியில் கொழுந்து பறித்து நம்மை ஹட்டனுக்கு டியூஷன் அனுப்பிய அம்மாக்களை நினைத்தால், "படித்து என்ன பயன்" என்று சொல்ல எனக்கு நா எழவில்லை.

ஆனால் எந்தப் படிப்பு என்பதை அவன் யோசித்துத் தெரிவுசெய்யட்டும். ஊரில் பட்டம் என்றால் அரசாங்க வேலைக்கு நியமனக் கடிதம் என்று நாம் பழகியிருக்கிறோம். 2020இல் கூட அரசாங்கம் பட்டதாரிகளை மாதம் 20,000 ரூபாய் கொடுப்பனவில் பயிலுனர்களாக எடுத்தது. இங்கே அப்படிக் கூப்பிட்டு வேலை தர யாரும் இல்லை. பொறியியல், தாதியியல், ஆசிரியம் போன்றவற்றுக்கு உரிமம் கொடுக்கும் அமைப்புகள் இருக்கின்றன. அவை கேட்பதைக் கொடுத்தால் வழி திறக்கும். பொறியியல் பட்டங்களை நாடுகள் ஒன்றுக்கொன்று ஏற்றுக்கொள்ளும் வாஷிங்டன் உடன்படிக்கையில் இலங்கை 2014 முதல் இருப்பதால், அங்கீகாரம் பெற்ற பொறியியல் பட்டத்துக்கு வெளிநாட்டிலும் மதிப்பு உண்டு. ஒன்ராறியோவின் பொறியியலாளர் அமைப்பும் கனடிய அனுபவம் வேண்டும் என்ற நிபந்தனையை 2023இல் நீக்கிவிட்டது. கலைப்பட்டத்துக்கு இப்படி ஒரு வாசல் கிடையாது. அந்தப் பட்டத்தோடு இங்குள்ள கல்லூரியின் சான்றிதழ் ஒன்றைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். சம்பளக் கணக்கு, சிறுவர் கல்வி இரண்டும் கலைப் பட்டதாரிகளுக்குப் பொருந்தும் என்பது என் கருத்து.

இனி நம்மவர்கள் அதிகம் சிக்கிக்கொள்ளும் இடத்துக்கு வருகிறேன். அது தாள்கள். தோட்டத்தில் பிறந்த பலருடைய பிறப்புச் சான்றிதழில் பெயர் ஒரு விதம், அடையாள அட்டையில் இன்னொரு விதம், பட்டச் சான்றிதழில் மூன்றாவது விதம். ஓரெழுத்து கூடும், தந்தை பெயர் ஒன்றில் முன்னாலும் மற்றதில் பின்னாலும் வரும், கடவுச்சீட்டில் முதலெழுத்து விரிந்திருக்கும். மொழி தெரியாத பதிவாளர் காதில் விழுந்ததை எழுதியதற்கு நாம் இன்றும் விலை கொடுக்கிறோம், அது எனக்குக் கோபமூட்டுகிறது. பட்டத்தை மதிப்பிடும் டபிள்யூ.ஈ.எஸ். போன்ற நிறுவனத்துக்கு இவை எல்லாம் ஒரே ஆள் என்று தெரியாது. ஆகவே விண்ணப்பிக்கும் முன் பெயர்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பிறப்புச் சான்றிதழில் பிழை என்றால் ஊரில் இருப்பவர்கள் பிரதேச செயலகத்தின் பதிவாளர் பிரிவில் திருத்த விண்ணப்பம் கொடுக்கட்டும். இரண்டு பெயரும் ஒருவரே என்று சத்தியக் கடதாசி தேவைப்பட்டால் அதையும் முடித்து வையுங்கள். பாடவாரியான பெறுபேறுகளைப் பல்கலைக்கழகமே நேரடியாக மதிப்பீட்டு நிறுவனத்துக்கு அனுப்ப வேண்டும். நீங்கள் கையில் கொண்டுவந்த பிரதி போதாது. ஆவணங்களுக்கு வெளிவிவகார அமைச்சின் உறுதிப்படுத்தல் கேட்டால் கொழும்பு வரை போகத் தேவையில்லை, கண்டியிலும் கொன்சியுலர் அலுவலகம் இருக்கிறது. அப்பாவையோ அண்ணனையோ அலைய விடுவது கஷ்டம்தான், தெரியும். விமானம் ஏறும் முன்பே செய்துவிட்டு வந்தால் அந்தக் கஷ்டம் அவர்களுக்கு வராது. பண்டாரவளையிலோ மஸ்கெலியாவிலோ இன்னும் கிளம்பாமல் இருப்பவர்கள் இதை இந்த மாதமே தொடங்குங்கள்.

கிடங்கு வேலையில் எந்த இழிவும் இல்லை. வாடகையைக் கட்ட அதைச் செய்யுங்கள். மாலை வகுப்புக்கு நேரம் விடும் ஷிப்டை மட்டும் கேட்டு வாங்குங்கள்.

பின்னர் ஒரு தங்கை, "விளம்பரத்தில் கனடிய அனுபவம் கட்டாயம் என்று போட்டிருக்கிறார்களே அக்கா, விண்ணப்பிக்கலாமா?" என்று கேட்டார். விண்ணப்பியுங்கள் தங்கச்சி. 25 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடம் பொது விளம்பரத்தில் அப்படிக் கேட்பது 2026 ஜனவரி 1 முதல் ஒன்ராறியோவில் சட்டப்படி தடை. அந்த விளம்பரத்தைப் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மாகாணத் தொழில் அமைச்சிடம் முறைப்பாடு செய்யலாம்.