டெம்ப்ளர்களை வில்லனாக வைத்து வேலூரில் ஒரு கேம்பெயின்: ஒட்டுமா?

பாலாற்றங்கரை:
வணக்கம். காட்பாடியில் எங்கள் குழு ஞாயிற்றுக்கிழமைகளில் ரோல்பிளேயிங் கேம் (ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசி, சேர்ந்து கதை நடத்தும் ஆட்டம்) ஆடுகிறது. அடுத்து இன்றைய காலத்தில் நடக்கும் ஒரு ரகசியச் சதிக் கதையைக் கேம்பெயினாக, அதாவது பல வாரம் தொடரும் ஆட்டமாக, நான் நடத்தப் போகிறேன். இந்த வகை ஆட்டங்களில் வில்லன் என்றால் பெரும்பாலும் டெம்ப்ளர்கள்தான். 1307-இல் கைதாகி 1312-இல் கலைக்கப்பட்ட சிலுவைப்போர்த் துறவி வீரர்கள் உண்மையில் ஒழியவில்லை, தலைமறைவாகி 700 வருஷமாக வங்கிகளையும் அரசுகளையும் பின்னாலிருந்து ஆட்டுவிக்கிறார்கள் என்ற அதே கதை. எனக்கும் அந்த வெள்ளை அங்கி, சிவப்புச் சிலுவை எல்லாம் பிடிக்கும். ஆனால் ஜெருசலேமில் தொடங்கி பாரிஸில் முடிந்த ஒரு அமைப்பை வேலூருக்குக் கொண்டுவந்தால் ஒட்டுமா? கோட்டையிலிருந்து விரிஞ்சிபுரத்துக்குச் சுரங்கப்பாதை போகிறது என்ற ஊர்ப்பேச்சைத் தவிர என்னிடம் வேறு சரக்கு இல்லை. அப்புறம், எங்களோடு ஆடுபவர்களில் சி.எஸ்.ஐ. சபைப் பெண் ஒருவரும் ஆம்பூரிலிருந்து வரும் முஸ்லிம் நண்பர் ஒருவரும் உண்டு. சிலுவைப்போரை விளையாட்டுக்கு எடுத்து இவர்களில் யார் மனதையும் நோகடிக்க எனக்கு விருப்பமில்லை. இப்படி நடத்தியவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

டெல்லிகேட்_வாசி:
தம்பி, டெம்ப்ளர்களைக் கதையில் வையுங்கள், ஆனால் வில்லனாக வேண்டாம். நடந்ததைப் பாருங்கள். பிரான்ஸ் மன்னன் நான்காம் பிலிப் பணமில்லாமல் தவித்தவன், அவனுடைய கஜானாவே நீண்ட காலம் பாரிஸில் டெம்ப்ளர்களின் மாளிகையில்தான் இருந்தது. 1307 செப்டம்பர் 14 தேதியிட்டு நாடு முழுக்க அதிகாரிகளுக்கு ரகசிய ஆணை போனது, அக்டோபர் 13 வெள்ளிக்கிழமை விடியற்காலையில் ஒரே நேரத்தில் எல்லா ஊரிலும் கைது. சிலுவையில் துப்பினார்கள், ஒரு தலையைச் சிலையாக வைத்துக் கும்பிட்டார்கள் என்று குற்றப்பட்டியல். பிரான்ஸில் சித்திரவதை செய்தார்கள், ஒப்புக்கொண்டார்கள். சைப்ரஸில் விசாரித்தபோது ஒப்புக்கொள்ளவில்லை. வாக்குமூலத்தைத் திரும்பப் பெற்றவர்களில் 54 பேரை 1310 மே மாதம் பாரிஸில் எரித்தார்கள், கடைசித் தலைவர் ஜாக் து மொலே 1314 மார்ச்சில் எரிக்கப்பட்டார். இத்தனைக்கும் 1308-லேயே போப் ஐந்தாம் கிளெமென்ட் சார்பில் ஷினோன் கோட்டையில் விசாரித்துத் தலைவர்களுக்குப் பாவமன்னிப்பு கொடுத்திருக்கிறார்கள். அந்த ஆவணத்தை வத்திக்கான் காப்பகத்தில் பார்பரா ஃபிராலே என்ற ஆய்வாளர் 2001-இல்தான் கண்டெடுத்தார்.

நம் ஆட்டங்கள் டெம்ப்ளர்களுக்குக் கொடுக்கும் பேய்ச் சிலை, ரகசியச் சடங்கு எல்லாம் பிலிப்பின் வக்கீல்கள் எழுதிய அந்தக் குற்றப்பட்டியலிலிருந்து வந்தவை. சித்திரவதையில் வாங்கிய வாக்குமூலத்தை உண்மை என்று வைத்துக்கொண்டு ஆடுவது எனக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை. அந்தப் பட்டியலை எழுதியவர்களின் வழியில் வந்தவர்களை வில்லனாக வையுங்கள். எந்த நூற்றாண்டிலும் யார்மீது வேண்டுமானாலும் ஒரே மாதிரி குற்றப்பட்டியல் தயாரித்துக் கொடுப்பதே தொழிலாக உள்ள ஒரு அலுவலகம் என்று நினைத்துப் பாருங்கள். முதல் செஷன் முடிவில் பிளேயர்கள் ஒவ்வொருவருக்கும் அரக்கு முத்திரை வைத்த கவர் கொடுங்கள், அடுத்த செஷனில் எல்லாரும் ஒரே நேரத்தில் பிரிக்க வேண்டும். அவர்கள் கேரக்டர்கள் தாசில்தார், எஸ்.ஐ., பத்திரப்பதிவு எழுத்தர் என்று இருந்தால் இன்னும் நல்லது, கைது செய்யச் சொல்லி ஆணை வருவதே அவர்களுக்குத்தானே.

மக்கன்பேடா:
மேலே சொன்னதோடு ஒத்துப்போகிறேன், ஆனால் ஊர் ஒட்டவில்லை என்ற கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை. ஆற்காட்டிலேயே இதைவிடப் பெரிய கதை கிடக்கிறது, யாரும் தொடுவதில்லை. நவாப் முகமது அலி வாலாஜாவின் கடன். கிழக்கிந்தியக் கம்பெனி உத்தியோகஸ்தர்களே தனிப்பட்ட முறையில் நவாப்புக்குக் கொள்ளை வட்டிக்குக் கடன் கொடுத்து, அதற்கு ஈடாகக் கிராமங்களின் வரி வசூலை எழுதி வாங்கிக்கொண்டார்கள். கடன்காரர்களில் பெரிய தலை பால் பென்ஃபீல்ட். அந்தக் கடன்கள் உண்மையானவையா என்று சரியாக விசாரிக்காமலே கர்நாடகத்தின் (இன்றைய மாநிலம் அல்ல, நவாப் ஆண்ட பகுதி) வருமானத்திலிருந்து அடைக்க லண்டனில் முடிவெடுத்தார்கள், அதை எதிர்த்து எட்மண்ட் பர்க் 1785 பிப்ரவரியில் பாராளுமன்றத்தில் கிழித்துத் தொங்கவிட்டார். 1801-இல் ஆட்சியே கம்பெனி கைக்குப் போய்விட்டது.

பாரிஸில் கடன் வாங்கியவன் கொடுத்தவனை எரித்தான், ஆற்காட்டில் கடன் கொடுத்தவன் வாங்கியவனின் நாட்டையே விழுங்கினான். இந்த இரண்டையும் ஒரே கதையில் வைத்தால் டெம்ப்ளர் வேலூருக்கு வந்தே ஆக வேண்டும். உங்கள் வில்லன் இன்று ராணிப்பேட்டையில் ஒரு ஃபைனான்ஸ் டிரஸ்ட், கற்பனைப் பெயர் வையுங்கள். அவர்களிடம் அடைபடாத பழைய கடன் பத்திரங்கள் இருக்கின்றன, 1307-இல் தங்கள் முன்னோடிகளுக்கு நடந்தது மறுபடி நடக்கக் கூடாது என்பதற்காக எந்த அரசையும் கடனுக்குள்ளேயே வைத்திருக்கிறார்கள். இதில் வில்லனுக்கு ஒரு நியாயம் இருக்கிறது, பிளேயர்கள் அவனோடு உட்கார்ந்து வாதாடலாம். நவாப் குடும்பத்தை மட்டும் இழுக்காதீர்கள், வாரிசுகள் இன்றும் இருக்கிறார்கள். கடன் கொடுத்தவன் பக்கத்திலேயே கதையை வைத்துக்கொள்ளுங்கள்.

பாலாற்றங்கரை:
அண்ணா, இந்தக் கடன் விஷயம் பிரமாதம், இன்றே குறிப்பெடுக்கிறேன். ஆனால் டெம்ப்ளர்களை முழுக்க அப்பாவியாக்கிவிட்டால் ஆம்பூர் நண்பர் என்ன நினைப்பார்? சிலுவைப்போரில் வாளோடு நின்றவர்கள்தானே அவர்கள்?

கரிகிரி_ரோடு:
அவர்கள் வாளெடுத்ததை மறைக்க வேண்டியதே இல்லை. பொய்க் குற்றத்துக்கு எரிக்கப்பட்டார்கள் என்பதும் உண்மை, போரில் கொன்றார்கள் என்பதும் உண்மை, கதையில் இரண்டையும் சொல்லுங்கள். மற்ற சிலுவைப்போர் வீரர் அமைப்புகளும் அப்படித்தான். டியூட்டானிக் என்ற ஜெர்மன் வீரர்கள் பிரஷ்ய மக்களைப் போரிட்டு அடிமைப்படுத்தி ஒரு நாட்டையே அமைத்தார்கள், 1410-இல் குரூன்வால்ட் போரில் தோற்ற பிறகுதான் அவர்கள் பலம் சரிந்தது. ஹாஸ்பிட்டலர்கள் ஜெருசலேமில் யாத்திரிகர்களுக்கு மருத்துவமனை நடத்தித் தொடங்கியவர்கள், பிற்பாடு மால்டாவில் கடற்கொள்ளைக்கு உரிமம் கொடுத்து, பிடித்த முஸ்லிம்களை அடிமைகளாக்கித் துடுப்பு போடவைத்தார்கள். 1798-இல் நெப்போலியன் வந்துதான் மால்டாவை விட்டுப் போனார்கள். அந்த அமைப்பு இன்றும் ரோமில் இருக்கிறது, மருத்துவப் பணி செய்கிறது, ஐ.நா.வில் பார்வையாளர் அந்தஸ்து உண்டு. உயிரோடு இருக்கும் அமைப்பை வில்லனாக்குவது எனக்குச் சரியாகப் படவில்லை, அதுவும் ஆஸ்பத்திரியை நம்பி வாழும் நம் ஊரில்.

அதிகம் பேர் தொடாத ஒன்று புனித லாசரஸ் அமைப்பு, தொழுநோய் வந்த வீரர்கள் சேர்ந்தது. தொழுநோயால் மடங்கிய கைகளுக்கு டாக்டர் பால் பிராண்ட் அறுவை சிகிச்சை செய்து மறுபடி வேலை செய்யவைத்த ஊர் நம்முடையது, கரிகிரி தொழுநோய் ஆஸ்பத்திரியும் பக்கத்திலேயே இருக்கிறது. பிளேயர்களுக்கு உதவ வரும் பழைய வீரன் ஒருவன் லாசரஸ் அமைப்பைச் சேர்ந்தவனாக இருந்தால் அவன் வேலூருக்கு ஏன் வந்தான் என்று யாரும் கேட்க மாட்டார்கள்.

ஒரு எச்சரிக்கை மட்டும். பாருவேல் என்ற பிரெஞ்சுப் பாதிரியார் 1797-இல், பிரெஞ்சுப் புரட்சியே டெம்ப்ளர் வழிவந்த ரகசியச் சங்கங்களின் சதி என்று எழுதினார். 1806-இல், நம் கோட்டையில் சிப்பாய்கள் எழுந்த அதே வருஷம், அவருக்கு ஒரு கடிதம் வந்தது, சதிக்குப் பின்னால் யூதர்கள் இருக்கிறார்கள் என்று. அதற்கப்புறம் அந்தப் பொய் எத்தனை உயிரைக் குடித்தது என்று தெரியும். அதனால் கடன் கொடுக்கும் வில்லனுக்கு எந்தச் சாதியும் மதமும் ரத்த உறவும் வைக்காதீர்கள், கையெழுத்துப் போட்டு யார் வேண்டுமானாலும் சேரக்கூடிய நிறுவனமாக வையுங்கள். கூட்டத்தில் ஒரு சி.எஸ்.ஐ. பொருளாளரோ ஆம்பூர்த் தோல் வியாபாரியோ சென்னை ஆடிட்டரோ யாரும் இருக்கலாம் என்றால் யாரையும் குறிவைத்த மாதிரி இருக்காது. அப்புறம் ஆட்டம் தொடங்கும் முன்பே இரண்டு நண்பர்களிடமும் தனித்தனியாகக் கதையைச் சொல்லிக் கேளுங்கள், மேஜையில் எக்ஸ் கார்டும் (யாருக்காவது சங்கடமானால் அதைத் தொட்டால் அந்தக் காட்சியை விட்டுவிட வேண்டும்) வையுங்கள்.

பாலாற்றங்கரை:
சரி, லாசரஸ் வீரனை எடுத்துக்கொள்கிறேன். அந்தப் பெண்ணிடம் நேற்றே பேசினேன், மொலேயின் விசாரணையை ஒரு முழு செஷனாக ஆட வேண்டும், அதில் தானே நீதிபதியாக வருகிறேன் என்கிறார். ஆம்பூர் நண்பரிடம் சனிக்கிழமை பேசுகிறேன். மக்கன்பேடா அண்ணா, பிளேயர்கள் கையில் கொடுக்க நவாப் கடன் பத்திரம் மாதிரி ஒரு ஹேண்டவுட் செய்ய வேண்டும், அந்தக் காலப் பத்திர வாசகம் எப்படி இருக்கும்?

மக்கன்பேடா:
பாரசீகம், இங்கிலீஷ் இரண்டும் கலந்த மாதிரி காட்டுங்கள், வட்டி விகிதத்தையும் ஈடாக எழுதிய கிராமங்களின் பெயரையும் மட்டும் தமிழில் தெளிவாக எழுதுங்கள். பிளேயர்கள் தங்கள் சொந்த ஊர்ப் பெயரை அதில் பார்க்க வேண்டும்.