‘டச்: நாட் ஃபவுண்ட்’ என்று இன்ஸ்டால்வேர்ல்ட் நின்றுவிடுகிறது (ஃப்ரீபிஎஸ்டி 13.5 → 14.3)

மஞ்சூர்_முனை:
மஞ்சூர்ல ஒரு பழைய டெஸ்க்டாப். 4 கோர், 8 ஜிபி ரேம், யூஎஃப்எஸ். ஃப்ரீபிஎஸ்டியை (யூனிக்ஸ் வகை ஆப்பரேட்டிங் சிஸ்டம்) 13.5ல இருந்து 14.3க்கு சோர்ஸ் வழியா, அதாவது கோடை இங்கயே கம்பைல் பண்ணி, ஏத்துறேன். பில்ட்வேர்ல்ட் (கெர்னல் தவிர மத்த சிஸ்டம் புரோகிராம்களை கம்பைல் பண்ற கட்டம்) ஓடிட்டு இருக்கும்போது ஆடிக் காத்துல மரம் லைன்ல சாஞ்சு கரண்ட் போச்சு. மெட்டா மோட் (ஏற்கனவே கம்பைல் ஆனதைத் தாண்டிப் போற வசதி) போட்டிருந்ததால, கரண்ட் வந்ததும் விட்ட இடத்துல இருந்து ஓடி முடிஞ்சது. பில்ட்கெர்னல், இன்ஸ்டால்கெர்னல் ரெண்டும் சரி. புது கெர்னல்ல சிங்கிள் யூசர் பூட் பண்ணி, எட்ஸிஅப்டேட் -பி (சின்ன எழுத்து p; /எட்ஸி செட்டிங் ஃபைல்களைப் புதுப்பிக்கிறது) முடிச்சு, கம்பைல் ஆனதை சிஸ்டத்துல போட மேக் இன்ஸ்டால்வேர்ல்ட் கொடுத்தா கொஞ்ச தூரம் ஓடிட்டு இப்படி நிக்குது:

டச்: நாட் ஃபவுண்ட்
* எரர் கோட் 127

டச் (ஃபைலோட நேரத்தை மாத்துற) கமாண்ட் /யூஎஸ்ஆர்/பின்ல இருக்கு. பாத்தும் சரி. கெர்னல்.ஓல்ட்ல (பழைய கெர்னல்) பூட் பண்ணி 13.5க்கே திரும்பிடலாமா?

குன்னூர்_டெர்மினல்:
திரும்பாதீங்க. பழைய யூசர்லேண்ட் (கெர்னலுக்கு வெளிய இருக்கிற புரோகிராம், லைப்ரரி எல்லாம்) புது கெர்னல்ல ஓடும், ஆனா புது யூசர்லேண்ட் பழைய கெர்னல்ல ஓடும்னு எந்த உத்தரவாதமும் இல்ல. உங்க இன்ஸ்டால் பாதியில நின்னிருக்கு, 14ஓட லிப்-சி (எல்லா புரோகிராமும் நம்பியிருக்கிற அடிப்படை லைப்ரரி) உள்ள போயிருக்க வாய்ப்பு அதிகம். இப்ப 13.5 கெர்னலை ஏத்தினா ‘பேட் சிஸ்டம் கால்’னு ஷெல்லே விழலாம்.

டச் காணாமப் போகல. இன்ஸ்டால்வேர்ல்ட் தனக்கு வேண்டிய இன்ஸ்டால், எம்ட்ரீ, செட் மாதிரி சில கருவிகளை மட்டும் ஒரு தற்காலிக டைரக்டரிக்கு நகல் எடுத்துட்டு, அந்தப் பாத்லதான் ஓடும். ஓடுற சிஸ்டத்தோட லைப்ரரியையே மாத்துற நேரத்துல கருவி நடுவுல செத்துடக் கூடாதுன்னு அப்படி வச்சிருக்காங்க. அதுல டச்சும் கிடையாது, கம்பைலரான சிசியும் கிடையாது. இன்ஸ்டால் நேரத்துல அதுங்களுக்கு வேலையே இருக்கக் கூடாது. இருக்குன்னா, ஏதோ ஒரு ஃபைல் பழசாயிடுச்சுன்னு நினைச்சு மேக் அதைத் திரும்ப உருவாக்கப் பார்க்குது. பெரும்பாலும் கடிகாரம்தான் காரணம். இதை ஓட்டிப் பாருங்க:

டேட்
ஃபைண்ட் /யூஎஸ்ஆர்/ஓபிஜே -டைப் எஃப் ! -நியூவர் /யூஎஸ்ஆர்/எஸ்ஆர்சி/அப்டேட்டிங் | டபிள்யூசி -எல்

பில்ட் பண்ண ஃபைல் (/யூஎஸ்ஆர்/ஓபிஜேல இருக்கிறது) எல்லாம் சோர்ஸை இறக்கின நேரத்துக்குப் பிந்தினதா இருக்கணும். எண்ணிக்கை ஆயிரக்கணக்குல வந்தா சந்தேகமே வேண்டாம்.

மஞ்சூர்_முனை:
டேட் 2016 ஜனவரின்னு காட்டுது! எண்ணிக்கையும் ஆயிரக்கணக்குல. எல்எஸ் -எல்டி போட்டா, பாதி .ஓ ஃபைல் இந்த மாசம், மீதி 2016. ஆனா நெட் வழியா நேரத்தைச் சரி பண்ற என்டிபிடி எனேபிள் பண்ணித்தானே இருக்கு, அது ஏன் திருத்தல?

குன்னூர்_டெர்மினல்:
மதர்போர்டுல இருக்கிற சிஆர்2032 செல் தீர்ந்திருக்கும். கரண்ட் போனதும் பயாஸ் தன் ஆரம்பத் தேதிக்குப் போயிடுச்சு. என்டிபிடி 1000 நொடிக்கு மேல வித்தியாசம் இருந்தா தானா திருத்தாது, லாக்ல ஒரு வரி எழுதிட்டு வெளிய போயிடும். ஆர்சி.கான்ஃப்ல என்டிபிடி_சிங்க்_ஆன்_ஸ்டார்ட்="யெஸ்" போட்டா, தொடங்குறப்ப ஒரு தடவை எவ்வளவு பெரிய வித்தியாசமா இருந்தாலும் திருத்திக்கும்.

செல்லை மாத்துங்க. வாட்ச் கடையிலயே கிடைக்கும். பழசை மல்டிமீட்டர்ல வச்சுப் பாருங்க, புதுசுன்னா 3 வோல்ட்டாவது காட்டணும். பயாஸ்ல தேதியைச் சரி பண்ணிட்டு மறுபடி சிங்கிள் யூசர்ல போய், டேட் சரியான்னு பார்த்துட்டு:

சிஎச்ஃப்ளாக்ஸ் -ஆர் நோஎஸ்சிஎச்ஜி /யூஎஸ்ஆர்/ஓபிஜே
ஆர்எம் -ஆர்எஃப் /யூஎஸ்ஆர்/ஓபிஜே/*

பிறகு பில்ட்வேர்ல்ட், பில்ட்கெர்னல், இன்ஸ்டால்கெர்னல், ரீபூட், இன்ஸ்டால்வேர்ல்ட், கடைசியா எட்ஸிஅப்டேட் -பி (பெரிய எழுத்து B; முன்னாடி போட்ட சின்ன எழுத்து p இல்ல).

கோத்தகிரி_ரூட்:
ஓபிஜேல இருக்கிற எல்லா ஃபைலையும் டச் பண்ணி இப்போதைய நேரத்தைப் போட்டுட்டா, மறுபடி பில்ட் பண்ண வேண்டாமே?

குன்னூர்_டெர்மினல்:
வேண்டாம்ங்க. மேக் பார்க்கிறது எது முந்தி எது பிந்திங்கிற வரிசையை. எல்லாத்துக்கும் கிட்டத்தட்ட ஒரே நேரம் கொடுத்தா அந்த வரிசை அழிஞ்சிடும். அதோட, தேதி பின்னால போயிருந்தப்ப மெட்டா மோட் எதைச் சரின்னு நம்பித் தாண்டிப் போச்சுன்னு யாராலயும் சொல்ல முடியாது. லிப்-சி விஷயத்துல அந்தச் சந்தேகத்தை வச்சுக்கிட்டு இருக்கக் கூடாது.

நேரத்தைக் குறைக்க நல்ல வழி இருக்கு. பில்டுல பெரும்பங்கு எல்எல்விஎம்முக்கே (கம்பைலரோட அடித்தளம்) போகுது. /எட்ஸி/எஸ்ஆர்சி.கான்ஃப்ல வித்தவுட்_எல்எல்விஎம்_டார்கெட்_ஆல்=யெஸ் போட்டா, ஆர்ம், பவர்பிசி, ரிஸ்க்-ஃபைவ் பகுதி எல்லாம் கழிஞ்சு உங்க ப்ராசசருக்கானது மட்டும் பில்ட் ஆகும். 8 ஜிபிக்கு -ஜே4 தாங்கும். ‘கில்ட்’னு கம்பைலர் விழுந்தா மெமரி போதலைன்னு அர்த்தம், -ஜே2 ஆக்குங்க. மழை முடியற வரைக்கும் யூபிஎஸ் இல்லாம தொடங்காதீங்க.

மஞ்சூர்_முனை:
செல் மாத்தி, ஓபிஜே காலி பண்ணி, முதல்ல இருந்து ஓட்டினேன். இன்ஸ்டால்வேர்ல்ட் முடிஞ்சது. ரீபூட் பண்ணா யூநேம் 14.3 காட்டுது. ரொம்ப நன்றி சார். இப்ப டெலீட்-ஓல்டும் (பழைய ஃபைல்களை நீக்குறது) டெலீட்-ஓல்ட்-லிப்ஸும் (பழைய லைப்ரரிகளை நீக்குறது) சேர்த்தே ஓட்டலாமா?

கோத்தகிரி_ரூட்:
டெலீட்-ஓல்ட் ஓட்டலாம். லிப்ஸை இப்ப தொடாதீங்க. 13ல ஓப்பன்எஸ்எஸ்எல் 1.1.1, 14ல 3.0. உங்க பேக்கேஜ் எல்லாம் இன்னும் பழைய லிப்எஸ்எஸ்எல்.எஸ்ஓ.111ஐத்தான் தேடும். முதல்ல பிகேஜி-ஸ்டாட்டிக் பூட்ஸ்ட்ராப் -எஃப், அப்புறம் பிகேஜி-ஸ்டாட்டிக் அப்கிரேட் -எஃப். எல்லாம் 14க்கு மாறி, சர்வீஸ் ஒவ்வொண்ணும் எழுந்திருச்சதைப் பார்த்த பிறகு டெலீட்-ஓல்ட்-லிப்ஸ்.