துறைமுகத்தில் ஆழம் சரியாகக் காட்டும் எக்கோ, வெளிக்கடலில் தரையைத் தொலைக்கிறது: உதவி தேவை

உவரிக்கரை எழுதியது:

வணக்கம். ஒலியை அனுப்பி ஆழம் காட்டும் எக்கோ சவுண்டர் ஒன்றைப் புதிதாக வாங்கிப் படகில் பொருத்தியிருக்கிறோம். தூத்துக்குடி மீன்பிடித் துறைமுகத்தில் வைத்துப் பார்த்தபோது ஆழத்தைச் சரியாகக் காட்டியது. வெளிக்கடலில் ஓட்டம் பிடித்தவுடன் திரையில் கடலடியைக் காட்டும் தரைக்கோடு துண்டு துண்டாக உடைகிறது. சற்று நேரத்தில் கோடே மறைந்து, கடைசியாகக் காட்டிய எண் மட்டும் மின்னிக்கொண்டிருக்கிறது. விற்றவர் கருவியில் பழுதில்லை என்கிறார். மாற்றித் தரக் கேட்பதற்கான காலக்கெடு இந்த வாரத்தோடு முடிகிறது. கருவி பழுதா இல்லையா என்பதைக் கடலிலேயே எப்படி உறுதி செய்வது? அவசரம், தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

நீவாடு எழுதியது:

தம்பி, இந்த விவரங்களை வைத்துக்கொண்டு யாரும் எதுவும் சொல்ல முடியாது. படகு பைபரா, மரமா, விசைப்படகா? இயந்திரம் எத்தனை குதிரைத்திறன்? டிரான்ஸ்டியூசரை (ஒலியை அனுப்பி வாங்கும் பகுதி) எங்கே, எதில் பொருத்தினீர்கள்? எத்தனை பாகம் (ஒரு பாகம் சுமார் 1.8 மீட்டர்) ஆழத்தில் தரை தொலைகிறது? இயந்திரத்தை நிறுத்திப் படகை மிதக்க விட்டால் தரை திரும்ப வருகிறதா? கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் எழுதுங்கள்.

மின்கம்பி எழுதியது:

எனக்கு இது மின்னழுத்தக் குறைவாகவே தெரிகிறது. துறைமுகத்தில் சோதித்தபோது பேட்டரி புதிதாக மின்னேற்றப்பட்டிருக்கும். கடலில் விளக்கு, வயர்லெஸ், கைப்பேசி சார்ஜர் எல்லாம் அதே பேட்டரியில் தொங்கும். கையால் கயிறு இழுத்துக் கிளப்பும் சிறிய இயந்திரங்கள் பலவற்றில் பேட்டரியை ஏற்றும் சுருள் இருப்பதில்லை. ஆகவே மல்டிமீட்டரைப் பேட்டரியின் முனைகளில் வைக்காமல், எக்கோவுக்குள் நுழையும் கம்பியின் முனையில், எல்லாக் கருவிகளும் ஓடிக்கொண்டிருக்கும்போது வைத்துப் பாருங்கள். பேட்டரியில் 12.5 வோல்ட் இருந்தும் கருவியை அடையும்போது 10.5 ஆகக் குறைந்திருப்பதை நான் பல படகுகளில் பார்த்திருக்கிறேன். கம்பியை முறுக்கி டேப் சுற்றிய இணைப்பு எங்காவது இருந்தால் டேப்பைப் பிரித்துப் பாருங்கள்; உள்ளே செம்பு பச்சை பூத்துப் பொடியாகியிருந்தால் கருவியைக் குறை சொல்லிப் பயனில்லை.

பழங்கடல் எழுதியது:

இந்தக் கேள்வி இங்கே எத்தனையோ தடவை வந்துவிட்டது. கருவியோடு வரும் கையேட்டைப் படிக்காமல் கடலில் இறங்கிவிட்டு, பிறகு உதவி கேட்பது இப்போது வழக்கமாகிவிட்டது. துறைமுகத்தில் அது சரியான ஆழத்தைக் காட்டியது என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள்? ஈயக்குண்டு போட்டு அளந்தீர்களா? பல கருவிகளில் மாதிரிக் காட்சி முறை ஒன்று உண்டு. அதில் டிரான்ஸ்டியூசர் இணைக்கப்படாவிட்டால்கூட திரையில் தரையும் மீனும் ஓடிக்கொண்டிருக்கும். அந்தக் காட்சியைப் பார்த்து மகிழ்ந்து கரை திரும்பியவர்களை எனக்குத் தெரியும். கயிற்றில் பாகத்துக்கு ஒரு முடிச்சுப் போட்டு, குண்டின் அடிக்குழியில் சவுக்காரம் அப்பி இறக்கினால் ஆழமும் தெரியும், தரை மணலா சேறா என்பதும் ஒட்டிக்கொண்டு வரும். அதைச் செய்த பிறகு கருவியைப் பற்றிப் பேசலாம்.

உவரிக்கரை எழுதியது:

28 அடி பைபர் படகு, 9.9 குதிரைத்திறன் அவுட்போர்டு. டிரான்ஸ்டியூசர் கடையாலில் (படகின் பின்பகுதி) ஒரு பலகையில் இருக்கிறது. 200 கிலோ ஹெர்ட்ஸில் வைத்திருக்கிறோம். தொலைவது 12 முதல் 15 பாகத்தில். மாதிரிக் காட்சி அல்ல, துறைமுகத்தில் குண்டு போட்டு அளந்தோம், ஒத்துப்போனது. இயந்திரத்தை நிறுத்தினால் தரை வருகிறது.

காயல் எழுதியது:

அலைவரிசையை மாற்றிப் பாருங்கள். 200 கிலோ ஹெர்ட்ஸ் ஆழமற்ற நீருக்கானது. 50 கிலோ ஹெர்ட்ஸ் ஒலியை நீர் குறைவாகவே உறிஞ்சுவதால் அது ஆழத்துக்கு இறங்கும். நீங்கள் ஆழத்துக்குப் போகும்போதுதான் தரை தொலைகிறது என்பதால் காரணம் இதுவாகவே இருக்க வேண்டும்.

நீவாடு எழுதியது:

காயல் சொல்லும் பொதுவிதி சரிதான். ஆனால் 15 பாகம் என்பது சுமார் 27 மீட்டர். பைபர் படகுக்கு வாங்கும் சாதாரணக் கருவிக்குக்கூட 200 கிலோ ஹெர்ட்ஸில் அந்த ஆழம் ஒரு பொருட்டே அல்ல. அதோடு, இயந்திரத்தை நிறுத்தினால் அதே ஆழத்தில் தரை வருகிறது என்று தம்பியே எழுதிவிட்டார். இந்த ஒரு விவரத்தால் கருவியும் டிரான்ஸ்டியூசரும் பழுது என்ற ஐயம் பெரும்பாலும் நீங்கிவிடுகிறது.

மீதி இரண்டு காரணங்கள். ஒன்று, ஓட்டத்தில் டிரான்ஸ்டியூசரின் முகத்துக்குக் கீழே காற்றுக் குமிழிகள் ஓடுகின்றன. ஒலித்துடிப்பு குமிழியைத் தாண்டிக் கீழே போகாது, போனதும் திரும்பி வராது. மற்றொன்று, இயந்திரத்தின் பற்றவைப்புச் சுருளோ வேறு மின்கருவியோ கம்பி வழியாக இரைச்சலை உண்டாக்குகிறது. இரண்டுமே இயந்திரம் ஓடும்போது மட்டும் வரும் என்பதால் திரையைப் பார்த்து எளிதில் பிரித்தறிய முடியாது. ஆனால் கடலில் ஒரு சிறிய சோதனையால் பிரித்துவிடலாம்.

12 பாகத்துக்கு மேல் ஆழமுள்ள இடத்தில் படகை நிறுத்தி, கியரை நியூட்ரலில் வைத்தபடியே இயந்திரத்தின் சுழற்சியை நன்றாகக் கூட்டுங்கள். படகு நகராததால் குமிழிக்கு வழியில்லை. அப்போதும் திரை சிதறினால் அது மின்இரைச்சல், மின்கம்பி சொன்ன பாதையில் போய்த் தேடுங்கள். திரை சுத்தமாக இருந்தால் கியரைப் போட்டு வேகத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டுங்கள். தரை எந்த வேகத்தில் முதலில் உடைகிறது என்பதை ஜிபிஎஸ் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு அந்த வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும்போதே இயந்திரத்தைச் சட்டென்று அணைத்துவிட்டுத் திரையைக் கவனியுங்கள். மின்இரைச்சல் என்றால் அணைத்த நொடியிலேயே திரை தெளியும். குமிழி என்றால் படகின் ஓட்டம் தணியத் தணியத்தான் தரை திரும்ப வரும்.

இவற்றைச் செய்யும்போது வேறு எதையும் மாற்றாதீர்கள். கோணத்தையும் அலைவரிசையையும் உணர்திறனையும் ஒரே நேரத்தில் மாற்றினால், கருவி சரியானாலும் எதனால் சரியானது என்று தெரியாது. ஓட்டத்தின் பாதியைக் கச்சான் காற்றை எதிர்த்தும் மறுபாதியைக் காற்றோடும் ஓட்டிப் பாருங்கள், ஏனென்றால் எதிர்அலையில் அணியம் (படகின் முன்பகுதி) எழும்பி விழும்போது அடிப்பகுதியில் புகும் காற்று, துறைமுகத்தின் அமைதியான நீரில் ஒருபோதும் வராது.

பலகை கடையாலில் எந்தப் பக்கம், இயந்திரத்தின் விசிறியிலிருந்து (புரொப்பல்லர்) எவ்வளவு தூரம் என்பதை இன்னும் சொல்லவில்லை.

மின்கம்பி எழுதியது:

நியூட்ரலில் இயந்திரத்துக்குச் சுமையில்லை, ஆகவே சுமையோடு ஓடும்போது வரும் இரைச்சல் அதில் முழுமையாகத் தெரியாமல் போகலாம். குமிழிதான் காரணம் என்று முன்பே முடிவு கட்டாமல், எக்கோவுக்கு மட்டும் தனியாக ஒரு சிறிய பேட்டரியை நேரடியாக இணைத்து ஒரு ஓட்டம் போகச் சொல்லுங்கள். டிரான்ஸ்டியூசர் கம்பியையும் வயர்லெஸ் கம்பியையும் சேர்த்துக் கட்டியிருந்தால் அவற்றைப் பிரியுங்கள். நீளம் மிகுதி என்று டிரான்ஸ்டியூசர் கம்பியை வெட்டி ஒட்டியிருந்தால் அதையும் இங்கே எழுதுங்கள்.

நீவாடு எழுதியது:

தனிப் பேட்டரி நல்ல யோசனை. ஆனால் நியூட்ரல் சோதனைக்குப் பிறகு செய்யட்டும்.

பார்முனை எழுதியது:

இத்தனை சோதனைகளுக்கு அவசியமே இல்லை. கடையாலை விட்டுவிட்டு, படகின் உள்ளே அடிப்பகுதியில் டிரான்ஸ்டியூசரை எபாக்சியால் ஒட்டிவிடுங்கள். வெளியே எதுவும் நீட்டிக்கொண்டிருக்காது, வலை மாட்டாது, கரையேற்றும்போது உடையாது. என் படகில் அப்படித்தான் இருக்கிறது, முழு வேகத்திலும் தரை தெரிகிறது.

கடையால் எழுதியது:

எல்லாப் பைபர் படகுக்கும் இதைச் சொல்ல வேண்டாம். ஒற்றைத் திண்மமாக வார்த்த அடிப்பகுதி வழியாக ஒலி போகும். நடுவில் நுரையோ மரமோ வைத்து வார்த்த அடிப்பகுதியில் ஒலி அங்கேயே மடிந்துவிடும். எங்கள் ஊரில் ஒருவர் சிலிக்கான் பசையால் ஒட்டிவிட்டு, ஒன்றும் தெரியவில்லை என்று கருவியைத் திருப்பிக் கொடுக்கப் போனார். சிலிக்கான் ரப்பர் போல மெத்தென்றிருப்பதால் ஒலியை விழுங்கிவிடும். எபாக்சியிலும் ஒரு குமிழி சிக்கினால் போதும், வேலை கெட்டுவிடும்.

பார்முனை எழுதியது:

நான் எபாக்சி என்றுதான் எழுதியிருக்கிறேன். அடிப்பகுதி எப்படிப்பட்டது என்பதை ஒட்டுவதற்கு முன்பே சோதித்துவிடலாம். படகுக்குள் அந்த இடத்தில் நான்கு விரல் தண்ணீர் ஊற்றி, டிரான்ஸ்டியூசரை அதில் அழுத்திப் பிடித்து ஆழத்தைப் பாருங்கள். பிறகு அதையே வெளியே நீரில் பிடித்துப் பாருங்கள். இரண்டும் ஒத்து வந்தால் ஒட்டலாம்.

கடையால் எழுதியது:

ஆழத்தின் எண் ஒத்து வருவது மட்டும் போதாது. பைபர் வழியாகப் போய் வரும் ஒலி வலு இழப்பதால் தரை தெரிந்தாலும் தரையை ஒட்டி நிற்கும் மீன் தெரியாமல் போகும். பாரை (கடலடிப் பாறைத்திட்டு) தேடிப் போகிறவனுக்குத் தரையின் தன்மை முக்கியம். கெட்டியான பாறைத் தரையில் முதல் கோட்டுக்குக் கீழே இரண்டு மடங்கு ஆழத்தில் இரண்டாவது எதிரொலிக் கோடு விழும், சேற்றில் பெரும்பாலும் விழாது. ஒலி வலுவிழந்தால் அந்த இரண்டாவது கோடுதான் முதலில் மறையும். அந்த வேறுபாட்டை இழந்துவிட்டு எக்கோ வைத்திருந்து என்ன பயன்?

பழங்கடல் எழுதியது:

எக்கோ கெட்டால் ஈயக்குண்டு இருக்கிறது. உயிர்காக்கும் கருவிகளைக் கடலில் சோதித்தவர் இங்கே எத்தனை பேர்? 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் குமரிக் கடலில் படகுகளைச் சிதறடித்ததைப் பார்த்த பிறகும், அபாய சமிக்ஞைக் கருவியைப் பெட்டியை விட்டு வெளியே எடுக்காமல் வைத்திருக்கிறார்கள். எக்கோவைச் சோதிக்கப் போகும் அதே ஓட்டத்தில் அதையும் ஒரு தடவை அழுத்திப் பார்த்துவிட வேண்டும் என்பதே என் கருத்து.

நீவாடு எழுதியது:

அன்பு கூர்ந்து யாரும் அதைச் செய்ய வேண்டாம். 406 மெகா ஹெர்ட்ஸ் அபாயக் கருவியை இயக்கினால் செய்தி செயற்கைக்கோள் வழியாகப் பெங்களூரில் உள்ள கட்டுப்பாட்டு மையத்துக்கும், அங்கிருந்து கடலோரக் காவல்படையின் மீட்பு ஒருங்கிணைப்பு மையத்துக்கும் போகும். உண்மையான ஆபத்தில் வேறொரு படகு இருக்கும் நேரத்தில் உங்களைத் தேடிக் கப்பல் புறப்படக்கூடும். சோதிப்பதற்கென்றே கருவியில் தனிச் சோதனைப் பொத்தான் இருக்கிறது. அதைக் கையேட்டில் சொன்ன முறையில் மட்டும் அழுத்தி, பேட்டரியின் காலாவதித் தேதியையும் பார்த்துக்கொண்டால் போதும். தவறுதலாக இயங்கிவிட்டால் 1554 என்ற எண்ணில் கடலோரக் காவல்படைக்கு உடனே சொல்ல வேண்டும். வயர்லெஸ்ஸைச் சோதிப்பதற்கும் அவசர அழைப்புக்கான 16ஆம் சேனலை அடைத்துக்கொள்ளாமல், துணைப் படகோடு வேறொரு சேனலில் பேசிப் பார்க்கலாம்.

பழங்கடல் எழுதியது:

நான் சோதனைப் பொத்தானைத்தான் குறிப்பிட்டேன். அனுபவம் உள்ளவர்களுக்கு அது புரியும்.

கடையால் எழுதியது:

அனுபவம் இல்லாதவர்களும் இங்கே படிக்கிறார்கள், ஐயா. அதனால்தான் முழுமையாக எழுத வேண்டும் என்கிறோம்.

காயல் எழுதியது:

உவரிக்கரை நண்பர் காலக்கெடு முடியப்போகிறது என்றார். 50 கிலோ ஹெர்ட்ஸ் போட்டுப் பார்த்தாரா என்பதையாவது சொல்லலாம்.

உவரிக்கரை எழுதியது:

நீவாடு அண்ணாச்சி சொன்னபடி பார்த்தோம். நியூட்ரலில் திரை சுத்தமாக இருந்தது; கியர் போட்டு வேகம் 5 நாட் (மணிக்கு 5 கடல்மைல்) தாண்டியதும் தரை உடைந்தது; இயந்திரத்தை அணைத்தபோது உடனே வராமல், ஓட்டம் தணிந்த பிறகே வந்தது. எங்கள் ஊரில் படகை மணலில்தான் ஏற்றுகிறோம். ஏற்றும்போது டிரான்ஸ்டியூசர் மணலில் இடித்து மேலே மடிந்துகொள்ளும். பிடிமானத்தின் அச்சுத் திருகு தளர்ந்துவிட்டதால் கீழே இறக்கினாலும் ஓட்டத்தில் நீர் அதைப் பின்னுக்குத் தள்ளுகிறது. திருகை இறுக்கி, முகம் படகின் அடிமட்டத்துக்குச் சற்றே கீழே வரும்படி வைத்தோம். இப்போது பாதி வேகம் வரை தரை நிற்கிறது, முழு வேகத்தில் உடைகிறது. பலகை இடப்பக்கம், விசிறியிலிருந்து ஒரு சாண். கருவியைத் திருப்பிக் கொடுக்கவில்லை. நாளை தொழிலுக்குப் போகிறோம். நன்றி.

மின்கம்பி எழுதியது:

கருவியின் முனையில் மின்னழுத்தம் எவ்வளவு இருந்தது? தனிப் பேட்டரி வைத்துப் பார்த்தீர்களா?

நீவாடு எழுதியது:

ஒரு சாண் போதாது. விசிறியிலிருந்து குறைந்தது 38 சென்டிமீட்டர், ஏறத்தாழ இரண்டு சாண், தள்ளியிருக்க வேண்டும். பின்னாலிருந்து பார்க்கும்போது உங்கள் விசிறி கடிகாரச் சுற்றில் சுழன்றால் பலகையை வலப்பக்கம் மாற்றுங்கள், ஏனென்றால் அந்தப் பக்கத்தில் இதழ்கள் கீழ்நோக்கி இறங்குவதால் குமிழி டிரான்ஸ்டியூசருக்கு ஏறாது. படகின் அடியில் நீளவாட்டில் ஓடும் மேடு ஏதாவது இருந்தால் அதன் நேர்பின்னால் வைக்காதீர்கள். பலகையை எடுத்த இடத்துத் திருகுத் துளைகளை எபாக்சியால் அடைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் பைபருக்குள் நீர் ஊறும்.

சரியான கோணம் கிடைத்ததும் பிடிமானத்திலும் பலகையிலும் சேர்த்து ஆணியால் ஒரு கீறல் போடுங்கள். மணலில் ஏற்றி இறக்கிய ஒவ்வொரு தடவையும் இரண்டு கீறலும் நேராக இருக்கின்றனவா என்று கையால் தடவிப் பார்த்தாலே போதும், இருட்டிலும் செய்யலாம்.

நம் கடல்நீரின் வெதுவெதுப்பில் ஒலி நொடிக்கு 1,540 மீட்டர் அளவில் போகிறது. கருவி 1,500 என்று வைத்துக் கணக்கிடுவதாக இருந்தால் உண்மையான ஆழத்தைவிட 2 முதல் 3 விழுக்காடு குறைவாகக் காட்டும். 15 பாகத்தில் அது அரைப் பாகத்துக்கும் குறைவுதான், ஆகவே குண்டுக்கும் திரைக்கும் அந்த அளவு வித்தியாசம் வந்தால் மறுபடியும் கருவியைச் சந்தேகிக்க வேண்டாம். பலகையை வலப்பக்கம் மாற்றியதும் அதே 12 பாக இடத்தில், கச்சானை எதிர்த்து ஒரு தடவையும் காற்றோடு ஒரு தடவையும் முழு வேகத்தில் ஓட்டிப் பார்த்து, தரை எந்த வேகம் வரை நிற்கிறது என்று எழுதுங்கள்.