இந்தூர் பதிவு: ஒரு புதுப்பிப்பு

மத்தியப் பிரதேசத்தின் இந்தூர் மாநகராட்சி, மத்திய அரசு ஆண்டுதோறும் நடத்தும் தூய்மைக் கணக்கெடுப்பில் (ஸ்வச் சர்வேக்ஷன்) 2017 முதல் தொடர்ந்து முதலிடத்தில் இருப்பதைப் பற்றி முன்பு எழுதியிருந்தேன். "தரவரிசை சரி, ஊர் மக்களுக்கு என்ன கிடைத்தது?" என்று சிலர் கேட்டிருந்தீர்கள். நியாயமான கேள்வி.

முதலில் புதிய செய்தி. 2025 ஜூலையில் வந்த முடிவுகளில் முன்னணி நகரங்களைத் தனிப்பிரிவாக வைத்துவிட்டார்கள். பெருநகரங்களுக்கான அந்தப் பிரிவிலும் இந்தூர்தான் முதலிடம். சூரத்தும் நவி மும்பையும் அடுத்தடுத்து.

அப்புறம் உங்கள் கேள்வி. தேவ்குராடியா குப்பைமேட்டில் பல ஆண்டுகளாகக் குவிந்துகிடந்த சுமார் 13 லட்சம் டன் குப்பையைத் தோண்டிப் பிரித்து, ஏறத்தாழ 100 ஏக்கர் நிலத்தை மீட்டார்கள். 2022 பிப்ரவரியில் அங்கே, ஈரக்குப்பையிலிருந்து எரிவாயு எடுக்கும் ஆலை திறக்கப்பட்டது. நாளொன்றுக்கு 550 டன் ஈரக்குப்பையைக் கையாளும் திறன் அதற்கு உண்டு. அந்த வாயுவில் நகரப் பேருந்துகள் ஓடுகின்றன. ஈரக்குப்பையில் பிளாஸ்டிக் கலந்து வந்தால் இப்படி ஓர் ஆலையை ஒழுங்காக நடத்தவே முடியாது. அதனால் இதில் பாதிப் பெருமை, வீட்டிலேயே குப்பையைப் பிரித்துக் கொடுக்கும் மக்களுக்கும், வாசலில் வந்து வாங்கும் தூய்மைப் பணியாளர்களுக்கும்தான் சேர வேண்டும் என்பேன்.

ஆனால் தூய்மை ஒன்றை மட்டும் வைத்து ஒரு மாநகராட்சியின் செயல்பாட்டை எடைபோட முடியாது. குடிநீர், வடிகால் நிலவரத்தையும் பார்த்தாக வேண்டும். அதை அடுத்து எழுதுகிறேன்.